கோட்டையிலிருந்து பார்த்த கடல்

1808இல் லண்டனில் இலங்கைக் காட்சிகளின் படத்தொகுப்பு ஒன்று வெளியானது. மொத்தம் 12 படங்கள். வரைந்தவர் சாமுவேல் டேனியல். அவற்றில் ஒன்று, ஒஸ்டென்பேர்க் கோட்டையிலிருந்து தெரியும் திருகோணமலைத் துறைமுகம்.

படங்கள் அக்குவாடின்ட் முறையில் அச்சானவை. செப்புத் தகட்டில் பிசின் பொடியைத் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைப்பார்கள். பிறகு அமிலத்தில் இடுவார்கள். பொடி மூடிய இடம் தப்பிக்கும். இடுக்குகளில் தெரியும் செம்பை அமிலம் அரிக்கும். ஊற ஊறக் கருமை கூடும். மையிட்டு அழுத்தினால் வானமும் நீரும் கோடின்றி, பொடிப்பொடியான சாயையாகத் தாளில் விழும். வண்ணம் அதன்மேல் கையால் தீட்டுவது.

புள்ளியால் கடல் வரைந்தவர்கள் என்று உலகம் கொண்டாடுவதோ 1880களின் பாரிஸ் ஓவியர்களை. ஜோர்ஜ் சூராவும் போல் சின்யாக்கும் நீலத்தையும் செம்மஞ்சளையும் தட்டில் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கலப்பது பார்ப்பவர் கண்ணின் பாடு. இதற்கு வித்திட்டவர் ஓவியரே அல்லர், கோபெலின் கம்பள ஆலையின் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரல். கறுப்பு நூல் எடுபடவில்லை என்ற புகாரை ஆராய்ந்து, குற்றம் சாயத்தில் இல்லை, அருகிலுள்ள நிறத்தில் என்று கண்டார். 1839இல் அது புத்தகமாக வந்தது.

சின்யாக் பாய்ப்படகு ஓட்டத் தெரிந்தவர். 1891இல் கொன்கார்னோ மீன்பிடித் துறையில் வரைந்த ஐந்து ஓவியங்களுக்கு இசைச் சொற்களையே பெயராக்கினார். படகிலிருந்து கடலைப் பழகியவரின் கை அது.

டேனியல் நின்ற இடம் வேறு. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தது திருகோணமலைத் துறைமுகம். அதன் வாயைக் காத்த பீரங்கி மேடுதான் ஒஸ்டென்பேர்க். பீரங்கி பார்த்த இடத்திலிருந்தே ஓவியரும் பார்த்தார். அழகான காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் லண்டனில் அதை விரித்தவருக்குப் புதிதாகக் கைக்கு வந்த சொத்தின் படமும் அதுவே.

உப்புவெளி இந்தப் பார்வைக்கு அப்பால். திருகோணமலை நகருக்கு வடக்கே, துறைமுகத்தின் அரவணைப்பு இல்லாமல், வங்கக் கடலுக்கு நேரே கிடக்கும் கரை. வாடைக் காலத்தில் கடல் மூடிவிடும். தென்மேற்குப் பருவத்தில் இங்கே அமைதி; அப்போது கொந்தளிக்கும் மேற்குக் கரையிலிருந்து மீனவர் திருகோணமலைப் பக்கம் வந்து வாடி என்னும் தற்காலிகக் குடில் போடுவார்கள். பாய் விரித்த வள்ளங்கள் ஓடியது இந்தக் காற்றுக் கணக்கில்தான். 1950களின் இறுதியில் அரசு இயந்திரப் படகுகளைப் பரப்பத் தொடங்கியதும் பாய்கள் ஒவ்வொன்றாக இறங்கின. வாடி போடும் வழக்கம் இயந்திரத்தோடும் தொடர்ந்தது.