போரும் பொருளும் மனித இயல்பும்

போர் மூளும்போதெல்லாம் புகழ்பெற்றோர் சிலர் அதனை எதிர்த்துக் குரல் எழுப்புகின்றனர். அவர்கள் அறிக்கை விடுகின்றனர். செய்தித்தாள்கள் அதனை வெளியிடுகின்றன. போரோ தன் போக்கிலேயே நடக்கிறது. ஊதுகிற சங்கை ஊதிவிட்டார்கள் என்று கூறி நாமும் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். இத்தகையோரின் சொல்லால் உண்மையில் பயன் உண்டா? விடை காண, இருபதாம் நூற்றாண்டின் பேரறிஞர் ஒருவர் இவ்வழியில் நடந்து கண்டதைச் சற்றே நோக்குவோம்.

முதல் உலகப் போர் 1914-ஆம் ஆண்டு கோடையில் மூண்டது. அக்டோபர் மாதம் ஜெர்மனியின் அறிஞர்களும் கலைஞர்களுமாக 93 பேர் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்று வெளிவந்தது. எக்ஸ் கதிரைக் கண்டறிந்த ராண்ட்ஜன், பௌதிக மேதை மாக்ஸ் பிளாங்க் ஆகியோரும் அவர்களுள் இருந்தனர். நடுநிலை நாடான பெல்ஜியத்தினுள் தம் படைகள் புகுந்ததை அவர்கள் குற்றமாகக் கொள்ளவில்லை. தம் படையின்றேல் தம் பண்பாடே அழிந்திருக்கும் என வாதாடினர். இதற்கு மறுப்பாக, ஐரோப்பிய மக்கள் ஒன்றுபட வேண்டும் என்று வேண்டிப் பெர்லின் மருத்துவப் பேராசிரியர் நிக்கொலாய் ஓர் அறிக்கை எழுதிப் பலருக்கும் அனுப்பினார். அவரையும் சேர்த்துக் கையொப்பமிட்டோர் நால்வரே. அந்நால்வருள் ஒருவர், அப்போது 35 வயதான ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

93 பேருக்கு எதிராக 4 பேர். இக்கணக்கை நாம் மறத்தலாகாது. கல்வியும் புகழும் போர்வெறிக்கு மருந்தாகிவிடுவதில்லை. பல வேளைகளில் அவை வெறிக்கு நல்ல சொற்களைத் தேடித் தருகின்றன.

பதினெட்டு ஆண்டுகள் சென்றன. சர்வதேச சங்கத்தைச் சார்ந்த அமைப்பு ஒன்று, தாம் விரும்பும் பொருளைப் பற்றித் தாம் விரும்பும் அறிஞருடன் கடிதவழி உரையாடுமாறு ஐன்ஸ்டைனை அழைத்தது. அவர் எடுத்துக்கொண்ட பொருள், போரிலிருந்து மனிதகுலத்தை விடுவிப்பது எங்ஙனம் என்பது. தேர்ந்துகொண்ட அறிஞர், வியன்னா நகரத்து உளநூல் மேதை சிக்மண்ட் பிராய்டு. 1932 ஜூலையில் எழுதிய கடிதத்தில் அவர் படிப்படியாகச் செல்கிறார். ஒவ்வொரு நாட்டிலும் அதிகாரப் பசி கொண்ட கூட்டம் ஒன்று உண்டு. அதற்குத் துணையாக, ஆயுதம் செய்து விற்பதையே ஆதாயமாகக் கருதும் சிறு கூட்டமும் உண்டு. ஆயினும் இச்சிலருக்காகப் பலர் தம் உயிரைக் கொடுக்க முன்வருவது ஏன்? பகைமையில் இன்பம் காணும் ஏதோ ஒன்று மனிதனுக்குள்ளேயே உறைகின்றதோ? இதுவே அவருடைய வினா.

ஆயுத வியாபாரிகளைப் பற்றிய ஐயம் வீண் ஐயமன்று. 1934 முதல் 1936 வரை அமெரிக்கச் செனட் சபையின் குழு ஒன்று, செனட்டர் நை தலைமையில் இதனை விசாரித்தது. பெரும் லாபங்களும், ஆயுதம் விற்க அயல்நாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த கையூட்டும் வெளிச்சத்திற்கு வந்தன. ஆனால் வியாபாரிகளே நாட்டைப் போரில் தள்ளினர் என்பது மட்டும் நிலைநாட்டப்படவில்லை.

ஜெர்மனியின் கதையையும் காண்போம். அந்நாடு முதல் உலகப் போரின்போது ஒன்பது முறை மக்களிடம் போர்க்கடன் திரட்டியது. வங்கிகள் மட்டுமன்றி, சிறுகச் சிறுகச் சேமித்த எளிய குடும்பத்தாரும் கடன் பத்திரம் வாங்கினர். நாட்டுப்பற்று ஒருபுறம், வட்டி ஒருபுறம். போரில் தோற்ற பின்னர், 1923 நவம்பரில் ஒரு டாலரின் விலை 4,20,000 கோடி மார்க் ஆயிற்று. அப்பத்திரங்கள் வெறும் காகிதமாயின. போருக்குப் பொருள் கொடுப்பவர் யாரோ சில பெருவணிகர் என்று கூறிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது.

பிராய்டின் விடையில் இனிய ஆறுதல் இல்லை. அழிக்கும் உணர்ச்சி மனித இயல்பில் உள்ளது. அதனை வேரறுக்க முடியாது என்றார். ஆயினும் மனிதருக்கு இடையே அன்பையும் ஒற்றுமை உணர்வையும் வளர்ப்பன யாவும் போருக்குப் பகையாம் என்றும், பண்பாடு வளர வளரப் போர் மனிதருக்குத் தாங்கொணாததாகும் என்றும் கூறினார். பிறமொழி வழங்கும் ஊர்களில் குடியேறி, அண்டை வீட்டாரின் நன்மை தீமைகளில் கலந்து வாழும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று.

இக்கடிதங்கள் 1933-ஆம் ஆண்டு ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் வெளிவந்தன. அதற்குள் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். அவ்வாண்டு மே மாதம் பிராய்டின் நூல்கள் பெர்லினில் தீக்கிரையாயின. ஐன்ஸ்டைன் மீண்டும் ஜெர்மன் மண்ணை மிதிக்கவில்லை. பிராய்டும் 1938-இல் நாடு துறந்து லண்டன் சேர்ந்தார். மறு ஆண்டு, இரண்டாம் உலகப் போர் தொடங்கி மூன்று வாரங்கள் சென்றபின் மறைந்தார்.

ஐன்ஸ்டைனும் மாறினார். படையில் சேர மறுப்பதே அறம் என்றவர், 1933-இல், தாம் பெல்ஜியக் குடிமகனாயிருப்பின் படைப்பணியை மறுக்கமாட்டேன் என எழுதினார். 1939-இல், அணுகுண்டு செய்தல் கூடும் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டுக்கு எழுதிய கடிதத்தில் கையொப்பமிட்டார். பின்னாளில் அதற்காக வருந்தினார். புகழ்பெற்றோரும் மனிதரே, காலத்தின் நெருக்கடி அவர்களையும் விடுவதில்லை.

1955 ஏப்ரலில், அணு ஆயுதப் போரின் அபாயத்தை எடுத்துரைத்து ரஸ்ஸல் எழுதிய அறிக்கையில் ஐன்ஸ்டைன் கையொப்பமிட்டார். ஒரு வாரத்தில் காலமானார். ஜூலையில் 11 பேரின் பெயருடன் அது வெளிவந்தது. அதன்படி இருதரப்பு விஞ்ஞானிகளையும் கூட்ட, நம் பிரதமர் நேரு டில்லியில் இடமளிக்க முன்வந்தார். 1956-இல் மூண்ட சூயஸ் போர் அதனைக் கெடுத்தது. இறுதியில், எஃகுத் தொழிலிலும் ரயில் தொழிலிலும் செல்வம் குவித்த சைரஸ் ஈட்டன் என்பார் செலவை ஏற்க, 1957 ஜூலையில் கனடாவின் பக்வாஷ் என்னும் சிற்றூரில் 22 விஞ்ஞானிகள் கூடினர். அமெரிக்கரும் சோவியத் நாட்டினரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். அங்குத் தொடங்கிய இயக்கத்திற்கு 1995-இல் சமாதானத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. போரை வளர்த்த பொருள், ஒரு தனவந்தர் மனம் வைத்தபோது அமைதிக்கும் உதவிற்று.

புகழ்பெற்றோரின் சொல் பீரங்கியை நிறுத்திவிடாது. 1914-இல் நால்வர் எழுதியது, அன்று தம் நாட்டில் அச்சேறவும் இல்லை. எனினும் எல்லாரும் ஆரவாரித்த வேளையில் மறுத்துரைத்தாரும் இருந்தனர் என்பது வரலாற்றில் பதிந்தது. பின்வந்தோர்க்கு அது துணிவு தந்தது. அவர்களால் இயல்வது அவ்வளவே. அடுத்த முறை பகைமை மூட்டும் செய்தி நம் வாயிலுக்கு வருகையில் அதனை நம்புவதா, பரப்புவதா, அதற்குப் பொருள் தருவதா என முடிவு செய்யும் பொறுப்பு நம்முடையது. அதனைப் பெரியோர் எவரும் நமக்காக ஏற்க இயலாது.