அதிர்வு ஊட்டி

கல் உடைக்கும் ஆலையில் ஜா கிரஷர் என்னும் நொறுக்கிக்குப் பாறையைச் சீராக அனுப்பும் இயந்திரம். ஆலைப் பேச்சில் ‘ஃபீடர்’. டிப்பர் லாரி கொட்டும் கல், தொட்டியிலிருந்து எஃகுத் தட்டில் இறங்கும். மையம் விலகிய எடைகள் சுழல்வதால் தட்டு அதிர்ந்து கல்லை முன்னே நகர்த்தும். முனையிலுள்ள கம்பிகளின் இடைவெளியில் மண்ணும் பொடிக்கல்லும் உதிர்ந்துவிட, பெருங்கல் மட்டும் கிரஷரின் வாய்க்குள் போகும். ஒரேயடியாக விழுந்தால் வாய் அடைபடும்; வரத்து குறைந்தால் கிரஷர் வெறுமனே ஓடும்.

அந்தமானில் இந்த ஊட்டி ஜல்லி உடைக்கும் ஆலைகளில் பயன்படுகிறது. தெற்கு அந்தமானின் கல்குவாரிகள் சாலைக்கும் கட்டடத்துக்கும் ஜல்லி தருகின்றன. தீவுகளில் மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்க 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் மணலுக்கு மாற்றாக உடைகல்லின் தூளுக்கும் மதிப்பு உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் இங்கு, ஈரக் களிமண் கம்பிகளுக்கிடையே அப்பிக்கொள்ளும். ஃபீடரை நிறுத்திவிட்டுக் கடப்பாரையால் குத்தி எடுக்க வேண்டும்.