கீரைப் பாட்டியின் சட்டி

அண்ணாமலை என்றதும் நாட்டோர் நினைவுக்கு வருவன யாவை? வானளாவிய கோபுரம், கார்த்திகைத் தீபம், காவி, கமண்டலம், கடலெனத் திரளும் கூட்டம்! வரலாறு எழுதியோரும் அவ்வழியே நடந்தனர். எந்த மன்னன் எந்த மதிலை எழுப்பினான், எந்தச் சாமியார் எந்தக் குகையில் கண்மூடி அமர்ந்தார் என்பதற்கெல்லாம் ஏடு உண்டு. அந்தக் குகைக்கருகே எரிந்த அடுப்பில் என்ன வெந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஏட்டைப் புரட்டுவோர் விழிப்பர். அடுப்புக்கும் வரலாறு உண்டு, தோழர்களே! ஒரு பிடி நொய்யும் ஒரு கட்டுக் கீரையும் கொண்டு உடலை உரமாக வைத்திருந்தோரின் வரலாறு அது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், மலையின் கிழக்குச் சரிவிலே, குகை நமசிவாயர் மண்டபத்தில் ஒரு மூதாட்டி வாழ்ந்தார். ஊரார் அவருக்கு இட்ட பெயர் கீரைப் பாட்டி. உற்றார் இல்லை, உடைமை இல்லை. இருந்தது ஒரே ஒரு சட்டி! வெந்நீரும் அதில்தான், சோறும் அதில்தான், கீரையும் அதில்தான். ஒன்றை இறக்கிக் கழுவிய பிறகே அடுத்தது ஏறும். கதிரவன் எழுமுன் மலையேறித் தளிரும் இலையும் பறித்து வருவார். ஊருக்குள் சென்று வீடுவீடாக ஒரு பிடி மாவு, ஒரு பிடி பருப்பு, ஒரு பிடி அரிசி எனக் கேட்டு வாங்கிப் பானையிலே சேர்த்து வைப்பார். மாவும் பருப்பும் சேர்ந்தால் கஞ்சி, கூடவே கீரை. அதிலும் ஒரு பங்கு, பக்கத்துக் குகையிலிருந்த இளைஞருக்கு!

அந்த இளைஞர் யார் என்பது ஊரறியும். 1896-இல், பதினாறு வயதில், வீட்டைத் துறந்து திருவண்ணாமலைக்கு வந்த வேங்கடராமன். பின்னாளில் ரமணர் எனப் பெயர் பெற்றவர். பாட்டிக்குத் தாம் காய் நறுக்கிக் கொடுத்து உதவியதைப் பிற்காலத்தில் அவரே அன்பர்களிடம் கூறினார். சூரி நாகம்மா என்ற அம்மையார் அதைத் தெலுங்கில் கடிதங்களாக எழுதி வைத்தார். இல்லையேல், பாட்டியும் சட்டியும் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

பின்னர் பக்தர்கள் செய்ததைக் கேளுங்கள். பாட்டி மறைந்தார். 1926-இல் ஆசிரமத்துக்கு ஒரு பசுங்கன்று வந்தது; இலட்சுமி என்று பெயரிட்டனர். பாட்டியே பசுவாகப் பிறந்து வந்தாள் என்றனர். 1948-இல் பசு இறந்தது. சமாதி எழுந்தது, சிலையும் எழுந்தது, இன்றும் காணலாம். மறுபிறவி உண்டோ என்ற வழக்கை இங்கே நான் நடத்தப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: கீரை பறித்தவள் பசுவானாள் என்று வியந்தோருள் எத்தனை பேர், அவள் எந்த இலையைப் பறித்தாள், எப்படிச் சமைத்தாள் என்று கேட்டுக் குறித்து வைத்தனர்? நமக்கு உதவக்கூடிய அறிவு அதுவன்றோ!

குகையின் சமையலும் பாட்டியின் சமையலுக்கு இளைத்ததன்று. உடனிருந்தோர் தெருவில் ஏற்று வந்த சோற்றையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, வெந்நீர் விட்டுக் கரைத்து, கஞ்சியாகக் குடித்தனர். பல நாள் உப்பும் இராது. உப்பைக் கேட்டால் நாளை பருப்பைக் கேட்கத் தோன்றும், மறுநாள் பாயசம் கேட்கத் தோன்றும் என்பது ரமணரின் கணக்கு. 1922-இல் தாயார் அழகம்மாள் மறைந்த பின், மலையின் தென்புறத்து அடிவாரத்தில், செங்கம் சாலையை ஒட்டி ரமணாசிரமம் உருவாயிற்று. அங்கே பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து காய் நறுக்கியவரும், அடுப்பருகே நின்று பக்குவம் சொன்னவரும் ரமணரே. சிந்திய கடுகையும் அரிசியையும் பொறுக்கி எடுப்பார். கத்தரிக்காய்க் காம்பை எறியவிடாமல் நெடுநேரம் வேகவைக்கச் சொல்வார். மீந்ததை மறுநாள் காலை உணவில் சேர்ப்பார். பந்தியில் எல்லோருக்கும் இல்லாத பண்டம் தமக்கும் வேண்டாம் என்பார்.

இதைத் துறவு என்பர் பக்தர்கள். சிக்கனம் என்பேன் நான். துறவு சிலருக்கு, சிக்கனம் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் வயிற்றைக் கட்டுவது சிக்கனமாகாது. காம்பையும் தவிட்டையும் கீரையையும் குப்பைக்கு அனுப்பாமல் வயிற்றுக்கு அனுப்புவதே சிக்கனம். அவற்றில் சத்து இருக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமா? சாட்சி, இதே தமிழகத்தில், மற்றொரு மலைமேல் இருந்தது!

பாட்டி கீரை பறித்த காலத்தை ஒட்டி, 1918-இல், நீலகிரியின் குன்னூரிலே ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உணவு: முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை. மற்றொன்றுக்கு வங்காளியர் உணவு. இன்னொன்றுக்குச் சென்னை மாகாணத்தார் உணவு: கழுவிய வெள்ளை அரிசி, சிறிது பருப்பு, புளி, காப்பி. சீக்கியர் உணவை உண்ட எலி கொழுத்தது. நம் உணவை உண்ட எலியே எல்லாவற்றிலும் மெலிந்து கிடந்தது! வீரம் குருதியிலே வருகிறது, குலத்திலே வருகிறது என்று பேசித் திரிந்தோர்க்கு அந்த எலிகள் விடை கூறின. எலிக்கு ஏது குலம்? மாற்றியது கிண்ணத்தை மட்டுந்தான்.

1935-இல் மக்காரிசனின் இடத்துக்கு வந்த அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்தை அளந்து 1937-இல் சிறு நூலாக வெளியிட்டார். அந்த ஆராய்ச்சி நிலையம் பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. அதன் பட்டியல்களையே இன்றும் நம் மருத்துவர் புரட்டுகின்றனர். அதிலே அரிசியின் கதையைப் பாருங்கள். நூறு கிராம் பச்சரிசியை உலக்கையால் குத்தினால், அதிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து 0.21 மில்லிகிராம். அதையே ஆலையில் தீட்டினால் 0.06. புழுக்கிய நெல்லை ஆலையில் தீட்டினாலோ, மீண்டும் 0.21! நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து கரைந்து மணிக்குள்ளே இறங்கிவிடுகிறது; பிறகு ஆலை தவிட்டை உரித்தாலும் முழுவதும் போவதில்லை. அக்காலச் சென்னை மாகாணத்தில், ஆலையரைத்த பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களிலே பெரிபெரி நோய் கால்களை முடக்கியது. புழுங்கல் உண்ட தென்பகுதி தப்பியது.

இப்போது ஆசாரத்தைப் பாருங்கள். புழுங்கல் ஒருமுறை வெந்தது, ஆகவே படையலுக்கு ஆகாது. பச்சரிசியே தூய்மை என்றது வைதிகம். வெங்காயம் ஆகாது, முருங்கை ஆகாது, பழையது ஆகாது என்றது. ஏழையின் வீட்டில் மலிவாகக் கிடைத்தவை எவையோ அவையெல்லாம் விலக்கு! அழகம்மாள் மகனோடு மலையில் வாழ வந்தபோது இந்த ஆசாரங்களை அப்படியே கொண்டு வந்தார். வெங்காயத்தையும் முருங்கையையும் காட்டி, மோட்சத்தைத் தடுக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டோ என்று மகன் தாயைக் கேலி செய்த செய்தி, ஆசிரமத்தார் எழுதிய வரலாற்றிலேயே உள்ளது. கேலி செய்தவரைப் பாராட்டலாம். பாராட்டு அங்கேயே நிற்கட்டும். ஏனெனில், அதே ஆசிரமத்தின் உணவுக்கூடத்தில் பார்ப்பனர் ஒருபுறம், பிறர் மறுபுறம், நடுவே ஒரு தடுப்பு! இருசாராரும் காணும் இடத்தில் ரமணர் அமர்ந்தார், தடுப்பு எடுபடவில்லை. சேரன்மாதேவிக் குருகுலத்தில் தனிப்பந்தி கண்டு தமிழகம் கொதித்தது 1920-களில் அன்றோ! அந்தக் கொதிப்பு இந்தக் கூடத்தின் வாயிலோடு நின்றுவிட்டது. தெருவெல்லாம் ஏற்ற சோற்றை ஒன்றாகக் கரைத்துக் குடித்த குகைக் காலத்தில் தடுப்புக்கு இடமேது? அடுப்பு பெரிதாயிற்று, கட்டடம் எழுந்தது, தடுப்பும் வந்தது.

உலக்கைக் குத்தல் உயர்ந்தது என்பதால், மீண்டும் உலக்கையைப் பெண்கள் கையில் கொடுங்கள் என்று சொல்வோர் சிலர் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விடியற்காலையில் நெல் குத்தித் தோள் தேய்ந்த பெண்ணின் கைக்கு ஆலை தந்த விடுதலை பெரிது. ஆலை இருக்கட்டும்; தீட்டுவதை ஒரு சுற்றுக் குறைக்கச் சொன்னால் போதும். வெள்ளை வெளேரென்று பல்லிளிக்கும் அரிசியை மதிப்பென்று கருதுவதை நிறுத்தினால், ஆலைக்காரர் தாமே நிறுத்துவார்.

வட ஆர்க்காட்டு மண்ணின் உணவு வெள்ளை அரிசியே அன்று. கேழ்வரகும் கம்பும் சாமையும் மல்லாட்டையும் விளைந்த மானாவாரி நிலம் இது. நொய்யை வேகவிட்டு, அதன்மேல் கேழ்வரகு மாவைக் குவித்து, மூடி அவித்து, துடுப்பால் கட்டியின்றிக் கிளறினால் களி. மாவை முதல்நாள் கரைத்துப் புளிக்கவிட்டு, நொய்யோடு காய்ச்சி, மறுநாள் மோரும் உப்பும் வெங்காயமும் சேர்த்தால் கூழ். புளிப்பதால் தானியத்தின் தாதுச்சத்து உடலில் எளிதாகச் சேர்கிறது என்பதை அறிவியல் பின்னர் கூறிற்று. கூழ்ப்பானை வைத்தவள் நாக்கால் அறிந்திருந்தாள். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் 10 அளவே! மல்லாட்டையில் காற்பங்கு புரதம். ஒரு பிடியை வறுத்து மிளகாய், புளி வைத்து அரைத்தால் ஒரு குடும்பத்துக்குத் துவையல். வேலியோர முருங்கைக்கீரைக்குக் காசு வேண்டியதில்லை. அதைக் குறைந்த நீரில் வேகவைத்து, அந்த நீரை வடிக்காமல், பருப்போடு சேர்த்துக் கடைந்தால் சத்தும் வீணாகாது, விறகும் வீணாகாது.

இவ்வளவும் வீட்டருகே இருக்க, என் வகுப்புப் பிள்ளைகளிடம் காலையில் என்ன உண்டீர் என்று கேட்டால், இட்லி என்றவன் குரல் உரக்க ஒலிக்கிறது. கூழ் என்றவன் குரல் கீழே இறங்குகிறது. சிலர் கூழ் குடித்துவிட்டுத் தோசை என்கின்றனர்! யார் கற்பித்தார் இந்த நாணத்தை? ஆடி மாதத்தில் அம்மன் வாசலில் ஊற்றினால் கூழ் புனிதம். மற்ற மாதங்களில் குடிசையில் குடித்தால் இழிவு. அதே கேழ்வரகு, ஆசிரமத்தை அடுத்த கடைகளில் வெளிநாட்டார்க்கென அழகிய கோப்பையிலே ஏறும்போது உயர்வு! உலக நாடுகளின் மன்றம் 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. கொண்டாடட்டும். கீழ்க்குரலில் விடை சொன்ன பிள்ளைக்கு அது தெரியவந்ததா என்பதே என் கேள்வி.

தனியொருத்தியின் சட்டி தனக்கும் பக்கத்துக் குகைக்குமே போதும். ஊரார் பிள்ளைகளுக்கென ஊரே சட்டி ஏற்றிய வரலாறும் நம்முடையதே. 1920-இல் சர். பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்க முடிவெடுத்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகலாகாது என்பது கட்டளை. ஓர் அணாவுக்குள் ஒரு வயிறு! கல்வி நிதியை உணவுக்குச் செலவிடலாகாது என்று வெள்ளையர் அரசு கை வைத்ததால், 1925-இல் அது நின்றது. 1956-இல் காமராசர் காலத்தில் பள்ளிகளில் மீண்டும் அடுப்பு எரிந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15-இல் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கி வைத்தார். அந்தப் பந்திகளில் தடுப்பு இல்லை.

பசியை அரிசியால் வென்ற நாடு இது. 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி. 2011 முதல் விலையில்லா அரிசி. பட்டினியைத் துரத்தியதற்கு அந்தத் திட்டங்களுக்குத் தலைவணங்கலாம். ஆனால் நிறைந்த வயிறு வேறு, நிறைந்த உடல் வேறு என்பதைக் குன்னூர் எலிகள் என்றோ சொல்லிவிட்டன. நியாயவிலைக் கடையில் அரிசி மட்டுமே கிடைத்தால், ஏழையின் அடுப்பிலும் அரிசி மட்டுமே வேகும். கேழ்வரகைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். இதை உணர்ந்து 2023 மே மாதத்தில் அரசு ஒரு முயற்சியைத் தொடங்கியது: குடும்ப அட்டைக்கு, அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு. முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்கள் இரண்டு: நீலகிரி, தருமபுரி. களியும் கூழும் உண்டு வளர்ந்த திருவண்ணாமலை அந்த முதற்பட்டியலில் இல்லை.