போர்வைக்கோப் பெருநற்கிள்ளி

போர்வைக்கோப் பெருநற்கிள்ளி சங்ககாலச் சோழர் குடியில் பிறந்த மல்லன். உறையூரை ஆண்ட தித்தனின் மகன். யானைப் படைக்காகவும் கொடைக்காகவும் வேந்தர்கள் பாடப்பட்ட காலத்தில், வெறுங்கையோடு களத்தில் இறங்கிப் பெயர்பெற்றவன். முக்காவனாட்டு ஆமூரில் அவ்வூர் மல்லனைப் பொருது வீழ்த்தியதே இவன் வாழ்வின் பெருநிகழ்ச்சி. புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் இவனுக்கு உரியவை. முதல் மூன்றைச் சாத்தந்தையாரும் அடுத்த மூன்றைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடினர்.

காவிரி நாட்டுக் கைப்போர்

மற்போர் அரண்மனைக்குள் அடங்கிய கலை அல்ல. காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில் (இன்றைய மயிலாடுதுறை மாவட்டம்) அது ஊரார் பொழுதுபோக்காகவே இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலை இதற்குச் சான்று. அதில், கடல் இறாலைச் சுட்டும் வயல் ஆமையை வேகவைத்தும் தின்ற இளைஞர்கள், அடும்பும் ஆம்பலும் சூடி, முதுமரத்தடி மணல்திட்டில் கூடுகிறார்கள். கையாலும் படைக்கலத்தாலும் உடலோடு உடல் மோத, ஒருவரும் பின்வாங்குவதில்லை. கவண்கல்லுக்கு அஞ்சிப் பனைமரத்துப் பறவைகள் பறந்தோடுகின்றன. கிள்ளியின் காலமும் கரிகாலனின் காலமும் ஒன்றல்ல. ஆயினும் கிள்ளியைப் போன்றவர்கள் எந்த மண்ணில் உருவானார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பகுதி வேறில்லை.

மற்போரை இன்றைய குத்துச்சண்டையோடு அப்படியே ஒன்றாக்கக் கூடாது. எதிரியைப் பற்றுவதும், மடக்குவதும், காலால் அழுத்துவதும் அதில் உண்டு. தோற்றவர் உயிரோடும் முழு உடலோடும் திரும்புவார் என்ற உறுதியும் இல்லை. பாணன் என்னும் மல்லனோடு மோதிய ஆரியப் பொருநனின் தோள்கள் சிதைந்துபோன காட்சியைப் பரணர் அகநானூற்றில் (386) சொல்கிறார். அதைக் கண்டு கணையன் என்னும் வீரன் நாணினானாம். இதே பாணன், கட்டி என்பவனோடு உறையூருக்கு வந்து, தித்தனின் நாளவையில் ஒலித்த கிணைப் பறையின் ஓசை கேட்டுப் போரிடாமலே ஓடியதையும் பரணர் (226) குறிப்பிடுகிறார். பெரிய மல்லர்களின் நடமாட்டம் கிள்ளியின் வீட்டு வாசல் வரை இருந்திருக்கிறது.

ஆமூர்ப் போர்

சாத்தந்தையாரின் முதல் பாட்டு போரின் முடிவுநிலையை அப்படியே நிறுத்திக் காட்டுகிறது. கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றொரு கால் அவனுடைய சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்து நிற்கிறது. பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல், தலையும் காலும் ஒடிய மோதி அவனைக் கொல்கிறான் கிள்ளி. களத்தருகே நின்று பார்த்தவரின் பாட்டு இது என்றே கருதலாம். கால்கள் எங்கே இருந்தன என்பதைக் கேள்விப்பட்டவர் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல மாட்டார்.

அதே பாட்டில் ஓர் ஆதங்கமும் உண்டு: உவந்தாலும் உவக்காவிட்டாலும் தித்தன் இதைக் காணவேண்டும் என்கிறார் புலவர். தந்தைக்கும் மகனுக்கும் இடையே பிணக்கு இருந்ததென்று உரையாளர்கள் கொள்வது இந்த இடத்தை வைத்துத்தான். உறையூர் இளவரசன் அயலூரில் மல்லனாக நின்றதற்கு வேறு பொருத்தமான விளக்கம் கிடைப்பதும் அரிது.

மூன்றாம் பாட்டு (82) போரின் வேகத்தைச் சொல்கிறது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேளை, மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த நேரத்தில் வாரால் கட்டில் பின்னும் தொழிலாளியின் கை ஊசியைவிட விரைவாகப் போர் முடிந்ததாம். மற்போரின் வேகத்துக்கு ஓர் ஏழைத் தொழிலாளியின் தவிப்பை அளவாக எடுத்த துணிவு வியப்புக்குரியது.

நக்கண்ணையார் கண்ட கிள்ளி

நக்கண்ணையார் கிள்ளியை விரும்பியவர். அவனைத் தழுவ அவைக்கு நாணுவதாகவும், தழுவாது வளை கழன்றால் தாய்க்கு அஞ்சுவதாகவும் வெளிப்படையாகவே பாடுகிறார். புற்கை, அதாவது கூழ், உண்டும் அவன் பெருந்தோளன் என்பது அவர் தரும் அரிய செய்தி. அரசன் மகன் கூழுண்டு வாழ்ந்தான் என்றால் பிணக்கு எவ்வளவு முற்றியிருந்தது என்று எண்ணத் தோன்றுகிறது. செருக்கோடு வரும் மள்ளர்க்கு, அதாவது வீரர்க்கு, அவன் உப்பு வணிகரான உமணர் அஞ்சும் துறையைப் போன்றவன் என்கிறார். வெள்ளுப்பை விற்று நெல்லேற்றித் திரும்பிய படகுகள் பட்டினப்பாலையில் புகாரின் கழிக்கரையில் கட்டிக் கிடக்கின்றன. உப்பும் நெல்லும் கைமாறும் நாட்டில் அந்த உவமை கேட்டவுடன் புரிந்திருக்கும்.

கடைசிப் பாட்டில் கூட்டம் இரண்டுபட்டு நிற்கிறது. அது கிள்ளியின் ஊரும் அல்ல, நாடும் அல்ல. ஆகவே அவன் வென்றான் என்கின்றனர் ஒரு சாரார், இல்லை என்கின்றனர் மறு சாரார். சிலம்பொலிக்க ஓடி, வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, வென்றது அவனே என்று தாமே கண்டதாக முடிக்கிறார் நக்கண்ணையார். வெளியூர்க்காரன் வென்றால் ஒப்புக்கொள்ளத் தயங்கும் ஆடுகளக் கூட்டம் அன்றும் இருந்தது.

மதிப்பீடு

இப்பாடல்களின் தனித்தன்மை ஓர் ஒப்பீட்டில் தெளிவாகும். கிரேக்கத்தில் ரோட்ஸ் தீவின் டயகோரஸ் கி.மு. 464 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் வென்றபோது கவிஞர் பிண்டார் புகழ்பெற்ற பாட்டொன்றை இயற்றினார். அதில் பெரும்பகுதி அத்தீவின் தொன்மக் கதைகளே. சண்டையின் போக்கை அதில் காணமுடியாது. கிள்ளியைப் பற்றிய பாடல்களிலோ மல்லனின் பிடியும் வேகமும் உணவும் பார்வையாளர் வாக்குவாதமும் இருக்கின்றன. விளையாட்டுச் செய்தியின் எல்லாக் கூறுகளும் அமைந்த மிகப் பழைய தமிழ்ப் பதிவு என்று இவற்றைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபின் இவை பலர் கைக்கும் எட்டின.

புறம் 81 இவனைக் கடலினும் பெரிதாக ஆர்க்கும் படையோடும் இடியென முழங்கும் களிறுகளோடும் காட்டுகிறது. இவன் படைநடத்தியதை இதிலிருந்து அறியலாம். உறையூர் அரியணையில் இவன் அமர்ந்ததாக இந்த ஆறு பாடல்களில் ஒன்றும் சொல்லவில்லை.