வைக்கோல் கன்றும் மகிமாவும்

வேளச்சேரி ஏரிக்கரையில் எங்கள் ஆயா மூன்று எருமைகள் வைத்திருந்தார். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் திணித்து, கறக்கும் நேரத்தில் தாயின் முன்னால் நிறுத்துவார்கள். எருமை அதை நக்கும், பால் சுரக்கும். அந்த நேரத்தில் ஆயா எருமையின் முகத்தைப் பார்க்க மாட்டார். குளோனிங் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கன்றுதான் நினைவுக்கு வருகிறது.

டோலியை எல்லோருக்கும் தெரியும். 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் பிறந்த செம்மறி. ஆறு வயது ஆடு ஒன்றின் மடியிலிருந்து எடுத்த செல்லை, உட்கரு நீக்கிய இன்னொரு ஆட்டின் முட்டையோடு மின்துடிப்பால் இணைத்தார்கள். அப்படி இணைத்தவை 277. கருவாக வளர்ந்த 29ஐ 13 ஆடுகளின் கருப்பையில் வைத்தார்கள். பிறந்தது ஒன்று. மடியின் செல் என்பதால் பாடகி டோலி பார்ட்டனின் பெயர். ஒரு பெண்ணின் மார்பை வைத்துச் சொன்ன ஆய்வுக்கூட ஜோக் அப்படியே வரலாற்றில் ஏறிவிட்டது. செல் தந்தவள், முட்டை தந்தவள், சுமந்தவள் என்று டோலிக்கு மூன்று தாய்கள். அந்த மூவரில் எவளுக்கும் நமக்குத் தெரிந்த பெயர் இல்லை.

நம் நாட்டில் இந்தக் கதை எருமையுடையது. ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 2009 பிப்ரவரி 6 அன்று சம்ரூபா பிறந்தாள். சில நாட்களிலேயே இறந்தாள். அதே ஆண்டு ஜூனில் கரிமா. இரண்டாண்டு சொச்சம் வாழ்ந்தாள். 2010 ஆகஸ்டில் பிறந்த இரண்டாம் கரிமா, 2013 ஜனவரியில் மகிமா என்ற கன்றை ஈன்றாள்.

கர்னாலில் கையாண்ட முறையில் விலை உயர்ந்த நுண்கருவிகள் வேண்டியதில்லை. நுண்ணோக்கியின் கீழே மெல்லிய கத்தியால், கையாலேயே முட்டையை வெட்டி உட்கருவை நீக்குவார்கள். முட்டைகள் இறைச்சிக்கூடத்தில் வெட்டப்பட்ட எருமைகளின் சினைப்பைகளிலிருந்து வந்தவை. பால் வற்றியதும் அடிமாடாகப் போனவளின் முட்டையில், நன்றாகக் கறப்பவளின் நகல்! பிறகு காளைகளையும் குளோன் செய்தார்கள், விந்துக்காக. 2013இல் பிறந்த ஸ்வர்ண் என்ற காளைக்கன்றுக்கு விந்திலிருந்த உடற்செல்தான் மூலம். அவனையும் ஓர் எருமைதான் சுமந்தாள்.

குழந்தைக்காக நானும் ஊசிகள் போட்டுக்கொண்டவள். 'பதினொரு முட்டை எடுத்திருக்கோம், நாலு கருவாச்சு' என்றார்கள். வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. படுக்கையில் கிடந்தபடி அந்த 277ஐ நினைத்துக்கொண்டேன். அதற்காக நான் அறிவியலுக்கு எதிரி இல்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது. கணக்கில் யார் விட்டுப்போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

அச்சு அசல் நகல் என்ற பேச்சிலும் ஒரு விடுபடல் இருக்கிறது. உட்கருவை நீக்கினாலும் முட்டைக்குள் மைட்டோகாண்ட்ரியா தங்கிவிடும். அதற்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. அது தாய்வழியாக வருவது. டோலியின் மைட்டோகாண்ட்ரியாவைச் சோதித்தபோது அது முட்டை தந்தவளுடையதாகவே இருந்தது.

ஆயாவிடம் இதைச் சொல்ல முடிந்திருந்தால் முதலில் ஒன்றைத்தான் கேட்டிருப்பார்: மகிமா பிறந்ததும் கரிமா அவளை நக்கினாளா?