ஊவாத் தோட்டங்களிலிருந்து பொறியியற் பீடத்துக்கு

பல்கலைக்கழக விடுதியிற் புகும் முதல் நாள் எல்லா மாணவர்க்கும் பொதுவான ஓர் அனுபவமே. ஆயினும் அந்நாளை அடைவதற்கு எல்லாச் சமூகங்களும் ஒரே தூரத்தைக் கடந்து வந்தனவல்ல. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சென்ற மாணவன் முதல் நாளிற் காட்டிய தயக்கத்தை அவனது இயல்பான கூச்சம் என்று கொள்வது பொருந்தாது. அத்தயக்கத்துக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊவா மலைச்சாரல்களிற் கோப்பித் தோட்டங்கள் பரவின. 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தொழிக்கவே, அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பே இரு பயிர்களையும் வளர்த்தது. தோட்ட விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் தேவை புகையிரதப் பாதையை மலைக்கு இட்டுவந்தது. 1924 இல் அப்பாதை பதுளையை அடைந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரை நிலையத்தைச் சுற்றிவந்து அதன் அடியிலேயே சுரங்கவழியாகச் செல்லும் பாதையும் பொறியியலாளர் இன்றும் வியக்கும் ஆக்கங்கள். அவ்வாக்கங்கள் தொழிலாளர் லயங்களுக்கு அண்மையிலேயே அமைந்தன. பொறியியற் கல்வியோ லயத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவில் இருந்தது.

இத்தொலைவுக்கு முதற்காரணம் தோட்டப் பாடசாலையின் அமைப்பாகும். 1907 ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையான தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அப்பொறுப்பை உறுதிசெய்தது. எனினும் பிள்ளைகளின் உழைப்பில் நாட்டமுடைய நிருவாகத்திடமே அவர்தம் கல்வியையும் ஒப்படைத்ததன் விளைவை ஊகிப்பது கடினமன்று. ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்புக்கு மேற் செல்லாத படிப்பு என்பதே பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் நிலையாயிற்று. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி நாட்டின் ஏனைய பகுதிகளிற் பெரும் மாற்றத்தை விளைத்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதோ தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டன. 1975 இற் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே அவை படிப்படியாக அரசாங்கக் கல்வி முறைமையுள் வந்தன.

இரண்டாவது காரணம் குடியுரிமைச் சிக்கலாகும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஒரே லயத்திற் சிலர் இராமேசுவரம் செல்லக் காத்திருக்க, வேறு சிலர் இந்நாட்டுப் பிரசைகளாகும் நாளை எதிர்நோக்கியிருந்தனர். எந்நாட்டில் வாழப்போகிறோம் என்பது தெளிவாகாத குடும்பம் மகனின் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பைத் திட்டமிடல் எங்ஙனம்? எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களே முடிவுகண்டன.

இவ்விரு தடைகளையும் தாண்டியவர் பதுளை, பண்டாரவளை ஆகிய நகரங்களின் தமிழ்ப் பாடசாலைகளை நாடினர். அங்கும் உயர்தர வகுப்புக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியர் கிடைப்பது அரிதாயிருந்தது. 1974 இற் புகுத்தப்பட்ட மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாண மாணவருக்குப் பெரும் பாதிப்பை விளைத்தது. பின்தங்கிய மாவட்டமான பதுளையின் மாணவருக்கு அது ஒரு வாயிலைத் திறந்ததெனக் கூறலாம். ஆயினும் ஒதுக்கீடு மாவட்டத்துக்கேயன்றித் தோட்டத்துக்கு அன்று. ஆய்வுகூட வசதிமிக்க நகரப் பாடசாலை மாணவனோடு போட்டியிட்டே தோட்டத்து மாணவன் அவ்வாயிலினுள் நுழைய வேண்டியிருந்தது.

1950 இற் கொழும்பில் தொடங்கப்பெற்ற பொறியியற் பீடம் அறுபதுகளின் நடுப்பகுதியிற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. மாணவர் ஒருங்கே உறைந்து கற்பதே கல்வியின் பெரும்பகுதி என்பது ஐவர் ஜெனிங்ஸின் கருத்து. பேராதனை விடுதிகள் அக்கருத்தினின்றும் எழுந்தவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையிற் குடும்பத்தார் அனைவரோடும் வாழ்ந்து, விளக்கு அணையுமுன் பாடத்தை முடித்துப் பழகிய மாணவனுக்கு விடுதியிற் கிடைத்த கட்டிலும் மேசையும் இரவு முழுதும் எரியும் மின்விளக்கும் சிறு பொருள்களல்ல. தனக்கென ஒரு மேசை என்பது அவன் பரம்பரையில் எவரும் அறியாதது.

ஆயின் மேசைமீதிருந்த நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழிற் கணிதம் பயின்று சித்தியடைந்தவன் முதல் வாரத்து விரிவுரைகளிற் சமன்பாடுகளை விளங்கிக்கொண்டும் வாக்கியங்களை விளங்கிக்கொள்ளாதும் இருந்தான். அவனது திறமைக்கும் மொழிக்கும் இடையிலான இவ்விடைவெளியை அறிவுக் குறைவெனப் பிறர் கொண்டதுண்டு. அவனே அவ்வாறு நம்பியதுமுண்டு. இரண்டாவதே பெருங்கேடு.

பகிடிவதை இன்னொரு கேடு. ஊரையும் தந்தையின் தொழிலையும் உரத்துக் கூறுமாறு கேட்கப்படும்போது, பிறருக்கு வேடிக்கையாய் அமையும் வினா தோட்டத்து மாணவனுக்கு இழிவுரையாய் மாறிவிடுகின்றது. 1997 இற் பேராதனைப் பொறியியற் பீடத்தின் புதுமுக மாணவரொருவர் பகிடிவதைக்குப் பலியானதைத் தொடர்ந்து, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தமை நன்று. வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

2005 இற் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றியது. தேயிலைத் தொழினுட்பம் அங்கே பட்டப்படிப்பாக அமைந்தது. கொழுந்து பறித்தோரின் மக்கள் அத்தேயிலையை ஆய்வுகூடத்திற் பயிலும் வாய்ப்பு அவர்தம் மலையிலேயே உருவானமை வரலாற்றின் பொருத்தமான திருப்பமாகும்.

ஆயினும் பல்கலைக்கழகம் அண்மையில் வந்துவிட்டது என்பதால் தூரம் முற்றாகக் குறைந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. அத்தூரம் தோட்டப் பாடசாலையின் முதல் வகுப்பிலே தொடங்குவது. புதிதாய் வரும் மாணவனை அவனுக்கு ஓராண்டு முன்வந்தோர் எவ்வாறு வரவேற்கின்றனர் என்பதும் அத்தூரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது. பெட்டியோடு விடுதி வாயிலில் நிற்பவனிடம் தந்தையின் தொழிலை வினவுவதற்கு மாறாக, அவன் பெட்டியை வாங்கி அறைக்கு வழிகாட்டுதல் எவருக்கும் இயலும்.