நத்தார் மரம்: மெய்யும் செயற்கையும்

மொன்றியலுக்கு வடகிழக்கேயுள்ள சொரெலில், 1781ஆம் ஆண்டு நத்தார் இரவில், ஜேர்மானியத் தளபதி ரீடெசலின் குடும்பத்தினர் ஊசியிலை மரமொன்றைப் பழங்களாலும் மெழுகுதிரிகளாலும் அலங்கரித்தனர். கனடாவின் முதல் நத்தார் மரம் அதுவே என்பர். சரட்டோகாவில் 1777இல் தோற்றுச் சிறைப்பட்டு, பிள்ளைகளோடு அலைந்து வந்த குடும்பம் அது.

செயற்கை மரமும் ஜேர்மனியிலேயே, 19ஆம் நூற்றாண்டில், பச்சைச் சாயமிட்ட வாத்து இறகுகளால் உருவானது.

எது நன்று? பிளாஸ்ரிக் மரத்தை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பயன்படுத்தினாலே அது மெய்மரத்தைவிடச் சூழலுக்கு உகந்ததாகுமென மொன்றியலின் எலிப்சோஸ் நிறுவனம் 2009இல் கணித்தது. அடிக்கடி வீடு மாறும் அகதிக்கு அது நீண்ட காலம். மெய்மரத்தையோ மாநகரசபை ஜனவரியில் எடுத்துச்சென்று துகளாக்கிப் பயன்படுத்துகிறது.

ரீடெசல் குடும்பம் தங்கிய மண்ணின் மரத்தையே நாடியது. ஊரில் நாம் சவுக்குக் கிளை நட்டதும் அவ்வாறே. இங்கும் இம்மண்ணின் மரமே நமக்குப் பொருந்தும்.